கடைசியாகப் பேசுகிறவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, பரிமாறப்பட்டது. அதுவும் உப்பில்லாமல்.

நான் அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். வாடகைக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை மதியச் சமையல் என்னுடையது. அந்த ஞாயிறு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்: அக்கா, அக்காவின் கணவரான மாமா, நான்.

"உப்பு சரியா இருக்காக்கா?"

வழக்கமாகக் கரண்டி வாய்க்குப் போவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். அன்று அக்கா கரண்டியைத் தட்டில் வைத்தாள். என்னைக் கனிவோடு பார்த்தாள். தலையை மெல்ல ஆட்டினாள். "ம்" என்றாள். அவ்வளவுதான்.

நான் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். மாமா எதையும் கவனிக்கவில்லை. அவர் பல் மருத்துவர். வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் படுத்திருப்பவர்களிடம் நாள் முழுக்க நாட்டுநடப்பு பேசிப் பழகியவர். எதிரில் இருப்பவர் பேசாவிட்டால் சிகிச்சை ஒழுங்காக நடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்.

"என்னக்கா, கோவமா?"

"ம்."

வேறு வழியில்லாமல் நானே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். "ஐயோ, உப்பே போடலை."

அக்கா முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அதான்டா நானும் நெனைச்சேன்."

"அப்ப சொல்றதுக்கு என்ன?"

"நான் கடைசியாத்தான் பேசணும்."

[இந்த இடத்தில் எழுத்தாளன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினான் என்று எழுத ஆசை. நான் தேடியது உப்பு ஜாடியை.]

2

ஒரு கதையைத் தொடங்குவதற்குள் எழுத்தாளன் எத்தனை முறை பொய் சொல்கிறான் என்பதை வாசகர்கள் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள். அடித்தவற்றை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "அதிகாரத்தின் படிக்கட்டுகள் வழுக்கக்கூடியவை என்பதை அவள் அறிந்தேயிருந்தாள், ஆயினும் அவளுடைய பாதங்கள்—"

நிறுத்திவிட்டேன். அக்காவின் அலுவலகத்தில் லிஃப்ட் இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "உயரதிகாரிகளுக்கான சுழல் நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவள் உற்பத்தி மேலாளராக இருந்தாள். தன் கையால் ஆயிரம் நாற்காலிகளை அனுப்பிவைத்தவளுக்கு ஒரு நாற்காலி—"

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால் சந்தேகம் வந்தது. அக்கா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "நான் எப்படா நாற்காலி செஞ்சேன்?" என்றாள்.

"அது ஒரு குறியீடுக்கா."

"நான் மூடி செய்யறேன். மூடின்னே எழுது."

"மூடின்னா யாருக்கா படிப்பாங்க?"

"மூடி இல்லாம உன் வீட்டுல என்ன இருக்கு, உன் வாயைத் தவிர?"

ஆகவே மூன்றாவது தொடக்கம், திருத்தம் ஏதுமின்றி: என் அக்கா பாட்டில் மூடி செய்யும் நிறுவனமொன்றில் உற்பத்தி மேலாளர். தண்ணீர் பாட்டில், எண்ணெய் பாட்டில், மருந்து பாட்டில். அவர்களுடைய பெருமைக்குரிய சரக்கு, குழந்தைகள் திறக்க முடியாத மருந்து மூடி. வெறுமனே திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கும். கீழ்நோக்கி அழுத்தித் திருகினால்தான் திறக்கும். உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பற்கள்தான், அழுத்தாதவரை மூடி திறக்காமல் பார்த்துக்கொள்கின்றன.

பற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் முதலில் வைத்துக்கொள்ளவில்லை.

3

அக்காவுக்கு ஓர் ஆசை இருக்கிறது. செயல்பாடுகள் அத்தனைக்கும் பொறுப்பான துணைத் தலைவர் பதவி. அங்கே எல்லோரும் "வி.பி." என்கிறார்கள். இரண்டு முறை அந்த இடம் காலியானது. இரண்டு முறையும் வெளியிலிருந்து ஒருவர் வந்து, மூடிக்கும் பாட்டிலுக்கும் வித்தியாசம் அக்காவிடம் கற்றுக்கொண்டு, வேறு நிறுவனத்துக்குப் போனார்.

ஏன் தனக்குக் கிடைக்கவில்லை என்று அக்கா கேட்டபோது ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அவளுக்கு மேலே இருப்பவர்கள், கீழே இருப்பவர்கள், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பெயர் போடாமல் எழுதிய கருத்துகளின் தொகுப்பு. பெயர் இல்லாவிட்டாலும் ஒவ்வொருவரும் தங்கள் செல்லச் சொல்லை விட்டுவைத்திருந்ததால் அக்கா எல்லோரையும் அடையாளம் கண்டுகொண்டாள். சுருக்கம் இதுதான்: வேலை தெரியும், நேர்மை உண்டு, ஆனால் மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் முடிவைச் சொல்லிவிடுகிறார். ஒருவர் இன்னும் சுருக்கமாக, "முந்திரிக்கொட்டை" என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்துக் காட்டியபோது மாமா அவசரமாகச் சொன்னார்: "நான் எழுதலைம்மா."

இங்கே நான் ஒரு பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாத்திரம் நான். கதையின் முதல் வரைவில் அக்காவை ஒரு பதவிப் பித்தாக எழுதியிருந்தேன். கண்ணாடி முன் நின்று முதுகை நிமிர்த்திப் பழகுகிறவள், நிதானமான சிரிப்பு ஒன்றைத் தயாரிக்கிறவள் என்று ஒரு முழுப் பக்கம். நன்றாகத்தான் வந்திருந்தது. அக்கா அதையும் படித்தாள்.

"எனக்கு அந்த வேலை வேணும்டா. அதுல உனக்கு என்ன சிரிப்பு?"

"சிரிக்கலைக்கா. பதவி மோகம்னு ஒரு பொதுவான—"

"அந்தப் பத்திரிகையில உன் கதை வரணும்னு எத்தனை தடவை அனுப்பினே? அட்டையில உன் பேரு இருக்கான்னு கடையிலயே நின்னு பிரிச்சுப் பார்த்தியே. அது என்ன மோகம்?"

"அது இலக்கியம்."

"இது மூடி. அவ்ளோதான் வித்தியாசம்." பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள்: "அந்த இடத்துல உக்காந்தா எந்த மெஷின் எப்ப நிக்கணும்னு நான் முடிவு பண்ணலாம். இப்ப நான் கெஞ்சணும். கெஞ்சி அலுத்துப்போச்சு."

அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். (கிழிக்கவில்லை. வேறு கதைக்கு ஆகும்.)

4

மூன்றாவது முறை இடம் காலியானபோது நிறுவனம் வெளியே தேடவில்லை. உள்ளேயே தலைவர்களை வளர்ப்பது என்று தீர்மானித்தது. செடி வளர்ப்பதற்கு ஆகும் காலத்தைவிடச் சற்றே குறைவான காலத்தில்.

மேலாளர்கள் எல்லோரையும் ஊருக்கு வெளியே ஒரு விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களில் பதவிக்குப் போட்டியாளர்கள் மூவர். ஒருவர் அக்கா. இன்னொருவர் விற்பனை மேலாளர். அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் ஆமாஞ்சாமி. மூன்றாமவர் நிதி மேலாளர். எதைக் கேட்டாலும் சொல்கிற பதிலே அவருக்குப் பெயராகிவிட்டது: பார்க்கலாம்.

பயிற்சியாளர் காலையில் ஒரு பெரிய தாளை விரித்து, தடித்த பேனாவால் எழுதினார்: "தலைவர் கடைசியாகப் பேசுவார்." முதலில் பேசுகிறவர் கருத்தைத் திணிக்கிறார். கடைசியாகப் பேசுகிறவர் எல்லோரையும் கேட்டு முடிவெடுக்கிறார். அறை முழுக்கத் தலையாட்டியது. பிறகு சாப்பாடு.

[எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளைச் சிரிப்பு, விலையுயர்ந்த கைக்கடிகாரம், பொய்யான பட்டம் என்று உடுத்தியும் விட்டேன். பிறகு ஒரு மன உறுத்தலில் அவரை நேரில் பார்க்கப் போனேன். மூக்கடைப்போடு இருந்தார். கழுத்தில் மஃப்ளர். என்னை உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தார்.

"கடைசியா பேசணும்னு காலையில சொல்வேங்க. அதுக்கு மொதல்ல மத்தவங்களைப் பேசவைக்கணும், ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கணும், யாரும் சொல்லலைன்னா தானே சொல்லணும்னு சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்வேன். அந்தப் பாதியை யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்லை."

"ஏங்க?"

"அந்த விடுதியில சாப்பாடு நல்லா இருக்கும்."

வில்லன் கையை விட்டுப் போனார். வெந்நீர் மட்டும் மிச்சம்.]

விடுதியிலிருந்து திரும்பியவர்கள் எல்லோரும் பாதித் தலைவர்களாகத் திரும்பினார்கள். இனி மாதாந்திரக் கூட்டங்களில் வெளியாட்கள் சிலர் சுவரோரம் உட்கார்ந்து போட்டியாளர்களுக்கு மதிப்பெண் போடுவார்கள் என்றும் அறிவிக்கப்பட்டது. பொறுமை, நிதானம், கேட்கும் திறன்.

அந்த மூன்றுமே வாயை மூடிக்கொண்டால் கிடைத்துவிடும் என்பதை ஆமாஞ்சாமி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

5

இப்போது அந்த நிறுவனத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கட்டுரை மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கதை இதில்தான் மாட்டிக்கொள்ளப்போகிறது.

முதலாளியைப் பெரியவர் என்பார்கள். அவர் கூட்டத்தில் ஒவ்வொரு விஷயமாகப் படிப்பார். பிறகு, "யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" என்று கேட்டுப் பேனாவைத் தூக்குவார். யாராவது பேசினால் பேனா கீழே வராது. பேசாவிட்டால் மேசையில் டொக்கென்று ஒரு தட்டு. நிறைவேறிவிட்டது. பிறகு அதை மாற்ற இன்னொரு கூட்டம்தான் வர வேண்டும்.

எத்தனையோ வருஷம் இந்த வழக்கம் நன்றாகவே வேலை செய்தது. ஏனென்றால் எல்லோரும் கத்தினார்கள். அக்கா எல்லோருக்கும் முன்னால் கத்தினாள். பேனா அந்தரத்திலேயே கை வலிக்கும்வரை நிற்கும்.

பயிற்சிக்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்தில், தொழிற்சாலை வாசலில் ஒரு ராட்சத மூடிச் சிலை வைக்கலாமா என்று பெரியவர் கேட்டார். ஒரு விளையாட்டுக்குத்தான் சேர்த்தாராம். எல்லோரும் கனிவோடு அவரைப் பார்த்தார்கள். எல்லோரும் கடைசியாகப் பேசக் காத்திருந்தார்கள். டொக். இப்போது வாசலில் ஆளுயரத்துக்கு நீல மூடி ஒன்று நிற்கிறது. மழை பெய்தால் லாரி ஓட்டுநர்கள் அதற்கடியில் ஒதுங்குகிறார்கள். அதுதான் அதன் ஒரே பயன், அதுவும் எதிர்பாராதது.

அறைச் சுவர்கள் எல்லாம் கண்ணாடியாக வேண்டும்: டொக். எல்லோரும் நின்றுகொண்டே மின்னஞ்சல் படிக்க வேண்டும்: டொக். நிறுவனத்துக்கு ஒரு பாட்டு: டொக். பெரியவர் பூரித்துப்போனார். "எல்லாரும் எவ்ளோ பக்குவமாயிட்டீங்க" என்றார். அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

அதே கூட்டத்தில்தான் நிதி மேலாளர் பார்க்கலாம் ஒரு யோசனை வைத்தார். மருந்து மூடி வார்க்கும் அச்சை மாற்றுவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம். செலவு மிச்சம்.

அச்சு தேய ஆரம்பித்துவிட்டது அக்காவுக்குத் தெரியும். வாய்வரை வந்தது. சுவரோரம் பார்த்தாள். ஒரு பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, கனிவாகத் தலையாட்டினாள்.

டொக்.

"அன்னைக்குத்தான்டா எனக்கு முதல் தடவையா நல்ல மார்க்கு வந்தது" என்றாள் அக்கா. "'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்'னு எழுதியிருந்தாங்க."

6

ஒரு மாலை அக்கா கைப்பையிலிருந்து மருந்து பாட்டில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே வெறும் தண்ணீர். புதிய வாடிக்கையாளர் ஒருவருக்காக மூடி தயாராகிவிட்டது, அதன் மாதிரி என்றாள். கைகழுவப் போனாள்.

மாமா ஏதோ ஒரு கடைவாய்ப் பல்லைப் பற்றி என்னிடம் விவரித்துக்கொண்டே அந்த பாட்டிலை எடுத்தார். பேச்சு நிற்கவில்லை. இரண்டு விரலால் மூடியைத் திருகினார். திறந்து ஒரு வாய் குடித்தார்.

துண்டோடு திரும்பிய அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"அழுத்தினீங்களா?"

"எதை?"

"மூடியை. அழுத்தித் திருகினீங்களா, சும்மா திருகினீங்களா?"

"தாகமா இருந்தது, திருகினேன். ஏன், குடிக்கக் கூடாதா?"

"அது குழந்தைங்க திறக்கக் கூடாத மூடி."

"நான் குழந்தை இல்லையே." மாமா சிரித்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். மூடியை வெளிச்சத்தில் திருப்பி உள்ளே பார்த்தார். அது அவர் தொழில் புத்தி. "பல்லெல்லாம் மொழுக்குன்னு தேஞ்சு கெடக்கே. யாரும்மா இந்தப் பேஷன்ட்?"

அன்று அக்காவின் மௌனத்துக்கு வேறு நிறம் இருந்தது. பயிற்சியில் வந்த மௌனம் அல்ல.

[இடையில் ஒரு கேள்வி உங்களுக்கு வரலாம்: தரப் பரிசோதனை எங்கே போயிற்று? நானும் கேட்டேன். ஓர் அச்சில் பல குழிகள் இருக்குமாம். சில குழிகள்தான் தேய்ந்திருந்தன. பரிசோதனைக்குப் போன மாதிரிகள் நல்ல குழியில் பிறந்தவை. சான்றிதழ் சுத்தம். மூடியைப் பற்றி அவசரமாகப் பேச வேண்டும் என்று மட்டும் அக்கா பெரியவருக்கு எழுதினாள். பதில் வந்தது: "கூட்டத்தில் பேசுவோம்." அந்த நிறுவனத்தில் இப்போது எதையும் பேச முடியாத ஒரே இடம் கூட்டம்தான் என்பது பெரியவருக்கு மட்டும் தெரியாது.]

அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் மொதல்ல பேசினா, சுவத்தோரம் உக்காந்திருக்கிறவங்க எழுதிடுவாங்க. 'பழைய குணம் மாறவில்லை'ன்னு. இதுதான் கடைசி மதிப்பெண்."

"அப்ப கடைசியா பேசுக்கா."

"வேற யாராவது மொதல்ல பேசினாத்தானே நான் கடைசியா பேச முடியும்? எல்லாரும் என்னை மாதிரியே உக்காந்திருக்காங்க."

"ஆமாஞ்சாமிகிட்ட முன்னாடியே சொல்லிப் பார்த்தியா?"

"சொன்னேன். 'ஆமாங்க, ரொம்ப முக்கியமான விஷயம், கூட்டத்துல உங்க பின்னாடி நான் நிக்கறேன்'னாரு."

"நல்லதுதானே."

"பின்னாடிடா. பின்னாடி."

7

கூட்டத்தில் நான் இல்லை. ஆகவே பின்வருவது அக்கா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது. இடையிடையே நான் சேர்த்த அலங்காரங்களை அவள் பிறகு அடித்துவிட்டாள். மிச்சம் இருப்பதை நம்பலாம்.

கண்ணாடி அறை. வெளியே நீல மூடி தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் புதிய வாடிக்கையாளருக்குச் சரக்கு ஏற்றிய லாரி. ஓட்டுநர் சிலைக்கடியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கிறார். சுவரோரம் மதிப்பெண் போடுகிறவர்கள். மேசைமேல் தட்டுத் தட்டாக பிஸ்கட். யாரும் தொடவில்லை, கடிக்கும் சத்தம்கூட முதலில் பேசியதாகக் கணக்காகிவிடுமோ என்ற பயம்.

பெரியவர் படித்துக்கொண்டு போனார். நிறுவனப் பாட்டைத் தினமும் காலையில் ஒலிபரப்பலாமா? கனிவான பார்வைகள். டொக். (பாட்டை எழுதியவர் பெரியவரின் மருமகன். அதையும் அக்கா அடிக்கச் சொன்னாள். இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.)

"அடுத்து, அழுத்தித் திருகற மூடி. லாரி வாசல்லயே நிக்குது. யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?"

பேனா மேலே போனது.

அக்கா ஆமாஞ்சாமியைப் பார்த்தாள். அவர் அக்காவைப் பார்த்தார். கண்ணாலேயே, "பேசுங்க, பின்னாடி இருக்கேன்" என்றார். அக்கா பார்க்கலாமைப் பார்த்தாள். அவர் அச்சுச் செலவு மிச்சமான பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியில் வியர்வை. அவருக்கும் தெரிந்திருக்கிறது. பரிசோதனைத் துறைக்காரர் மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த அறையில் விஷயம் தெரியாதவர்கள் பெரியவரும், சுவரோரம் இருந்தவர்களும் மட்டுமே. தெரிந்த அத்தனை பேரும் தலைவர்களாகிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் மடியில் கைப்பை. கைப்பைக்குள் பாட்டில். பேனா கீழே இறங்க ஆரம்பித்தது.

"அப்புறம்?" என்றேன்.

அக்கா உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள். என்னைக் கனிவோடு பார்த்தாள்.

"அப்புறம் என்னக்கா ஆச்சு?"

"ம்."

"விளையாடாதே. நான் கதை எழுதணும்."

"எழுது. நீதானே எழுத்தாளன். உன் முடிவைச் சொல்லு. நான் கடைசியா பேசறேன்."

8

எழுதினேன். மூன்று.

முடிவு அ. அக்கா எழுந்து நிற்கிறாள். "எனக்கு ஆட்சேபம் இருக்கு." பேனா அந்தரத்தில் நிற்கிறது. சுவரோரம் இருந்த பெண் "பழைய குணம்" என்று எழுதுகிறாள். பதவி ஆமாஞ்சாமிக்குப் போகிறது. அக்கா நிமிர்ந்த தலையோடு வெளியேறுகிறாள், வெளியே மழை—

மழையில் நிறுத்திவிட்டேன். இன்னொருத்தியின் வேலையைப் பறித்து அவளுக்கு மனசாட்சியைப் பரிசளிப்பது எழுத்தாளனுக்குச் சுலபம். கைக்காசு செலவில்லாத தியாகம்.

முடிவு ஆ. அக்கா பேசவில்லை. டொக். பதவி கிடைக்கிறது. மேலே போன பிறகு எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறாள். பெரிய மேசை. அதன்மேல் அந்த பாட்டில். ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கும்போது—

இதில் எனக்குக் கசப்பு வந்தது. கசப்பு எழுத்துக்கு நல்லது என்பார்கள். ஆனால் கீழே போய் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

முடிவு இ. இதுதான் என் பெருமை. அக்கா பேசுவதில்லை. கைப்பையைத் திறந்து, பாட்டிலை மேசைமேல் பெரியவரை நோக்கி உருட்டிவிடுகிறாள். பெரியவர் எடுக்கிறார். பேனா பிடித்த கையாலேயே திருகுகிறார். திறந்துகொள்கிறது. "என்ன இது?" என்கிறார். ஆக, முதலில் பேசியவர் பெரியவர். பிறகு எல்லோரும் பேசுகிறார்கள். அக்கா கடைசியாகப் பேசுகிறாள். சுவரோரம் மதிப்பெண் மழை. பதவி அவளுக்கே.

மூன்றையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். மாமாவும் வந்து எட்டிப் பார்த்தார்.

"பாட்டில் உருளாது" என்றாள். "அந்த மேசையில நடுவுல மைக் வயர் போகுது."

"சரி, வயரை எடுத்துடறேன்."

"அப்புறம், வெளிய மழை இல்லை."

"சரி."

தாள்களை அடுக்கி என்னிடம் கொடுத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "மூணுலயும் எனக்கு வேலை கெடைச்சுதா இல்லையான்னுதான்டா எழுதியிருக்கே. லாரி என்ன ஆச்சு?"

மறுபடி புரட்டினேன். முடிவு இ-யில்கூட லாரி இல்லை. சரக்கோடு, ஓட்டுநரோடு, வாசலிலேயே மறந்துவிட்டிருக்கிறேன். அந்த மூடியோடு யார் வீட்டு அலமாரிக்கோ போகவிருந்த மருந்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பதவிப் பித்தைப் பற்றிக் கதை எழுதப் புறப்பட்டவனுக்குப் பதவியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

மாமா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நானும் அதைக் கவனிக்கலை" என்றார். அது ஆறுதலாக இல்லை.

"சரிக்கா. லாரி என்ன ஆச்சு?"

"இப்பதான் கேக்கறே." கண்ணாடியைக் கூட்டில் வைத்தாள். "போகலை."

"யார் நிறுத்தினது?"

"ம்."

"வேலை?"

"அடுத்த வாரம் சொல்வாங்களாம். எனக்கே தெரியாது."

"நிறுத்தினது யாருன்னு மட்டும் சொல்லுக்கா. ஆமாஞ்சாமியா? அவர் மட்டும் 'இல்லை'ன்னு சொல்லியிருந்தா அதுவே ஒரு தனிக் கதை. பார்க்கலாமா? நீயா?"

அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள்.

9

அதற்கடுத்த ஞாயிறு. நான் சமைத்தேன், பரிமாறினேன், வேண்டுமென்றே எதுவும் கேட்காமல் உட்கார்ந்தேன்.

"காரம் ஜாஸ்தி" என்றாள் அக்கா.

"இன்னும் வாயிலயே வைக்கலையேக்கா."

"கலரைப் பார்த்தாலே தெரியுது."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஆனால் குழம்பின் நிறத்தைப் பற்றி ஒருத்தி சொன்னதை வைத்து, கூட்டத்தில் அவள் என்ன செய்தாள் என்று முடிவு கட்ட முடியாது. நீதிமன்றத்தில் நிற்காது. கதையில் நிற்கலாம். தெரியவில்லை.

அதனால் ஒரு முடிவை முன்மொழிகிறேன். அந்த நிறுவனத்தின் வழக்கப்படியே செய்வோம். இப்போது இந்த அறையில் நீங்களும் நானும்தான்.

என் முன்மொழிவு: அன்று யாருமே பேசவில்லை. பேனா இறங்கியது, டொக். ஆனால் லாரியின் பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. அதனால்தான் அது போகவில்லை. சக்கரம் மாட்டுவதற்குள் யாரோ ஏதோ கண்டுபிடித்துச் சரக்கு திரும்பிவிட்டது. அக்கா கனிவாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் அவளுக்குப் பதவி வந்துவிடும். எல்லோருக்கும் நல்லது. யாருடைய வாயும் திறக்க வேண்டியிருக்கவில்லை.

இது மோசமான முடிவு என்று எனக்கும் ஓர் எண்ணம் உண்டு. என் அக்காவை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். அவள் கைப்பையில் பாட்டிலோடு சும்மா உட்கார்ந்திருப்பவளா என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. ஆனால் அதை நான் சொல்லப்போவதில்லை. நானும் ஒரு பாதிப் பயிற்சி பெற்றுவிட்டேன், கடைசியாகத்தான் பேசுவேன்.

நீங்கள் கனிவோடு இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது. பக்கத்தில் வேறு யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர் சொல்லட்டும் என்று நினைக்கிறீர்கள். அவரும் அப்படித்தான் நினைக்கிறார்.

வாசலில் லாரி நிற்கிறது. பேனாவைத் தூக்கிவிட்டேன்.

யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?